எண் பொருத்தம்

நீதிபதி காரை இரண்டாக வெட்டினார்.
உடல் வெண்டலுக்கு, எஞ்சின் எனக்கு.
அதற்கு இருபத்திரண்டு நிமிடம் ஆனது.
பதினாறு வருடக் கல்யாணம்
ஏழே நிமிடத்தில் முடிந்திருந்தது.

எழுபதாம் வருடத்து ஓல்ட்ஸ்மொபில், நாலு நாலு ரெண்டு.
பிறந்தது இதே லான்சிங்கில்,
நான் மருத்துவமனைப் படுக்கை விரிப்புகள் வெளுக்கும் இடத்திலிருந்து
மூன்று மைல்.
வாங்கும்போது பின்சீட்டில் அணில்கள் குடியிருந்தன.
துருவை அவன் சுரண்டினான்.
சிலிண்டர்களை நான் அளந்தேன்,
தலைமுடியில் பாதி, அந்தப் பாதியில் பாதி என்று.
ஆகவே தீர்ப்பு நியாயமானதுதான்.
அதுதான் எரிச்சல்.

அன்றிலிருந்து என் கராஜில்
இரும்புச் சட்டத்தின்மேல் நின்றது,
கார் இல்லாத எஞ்சின்.
ஞாயிறு காலையில் ஒரு கேன் பெட்ரோலைத் தொங்கவிட்டு
சுவிட்சைத் தட்டுவேன்.
எட்டு வாயும் ஒன்றாகக் கத்தாது,
முறை வைத்துக் கத்தும்:
ஒன்று எட்டு நான்கு மூன்று
ஆறு ஐந்து ஏழு இரண்டு.
பக்கத்து வீட்டு இர்மா டெஸ்கி
துடைப்பத்தால் வேலியை அடிப்பாள்.
எங்கேயும் போகாத ஒன்றுக்கு
எதற்கு இத்தனை சத்தம்?
நல்ல கேள்வி. சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை.

கார்புரேட்டரில் இரண்டு திருகுகள்.
கால் சுற்று. நில். கேள்.
அதில் பாதி திரும்பி வா.
மானியின் முள் நடுங்கினால்
உள்ளே எங்கோ ஒரு வால்வு பொய் சொல்கிறது.
என் முள் பதினேழில் நின்றது,
மீனைப் பார்த்துவிட்ட கொக்குபோல.

வெண்டல் அந்த உடலுக்குள்
ஏதோ ஒரு ஷெவ்ரோலே எஞ்சினைத் திணித்து
ஊர் சுற்றிக்கொண்டிருந்தான்.
ஒருமுறை சிவப்பு விளக்கில்
என் பக்கத்தில் வந்து நின்றான்.
ஒரு சிலிண்டர் தப்பித் தப்பி அடித்தது.
அடுத்த வீட்டுச் சண்டை காதில் விழுந்ததுபோல
கண்ணாடியை ஏற்றிக்கொண்டேன்.

அக்டோபரில் கிராண்ட் ராபிட்ஸிலிருந்து
ஹூக்ஸ்ட்ரா வந்தார்.
அங்கே டாஷ்போர்டைப் படித்துவிட்டு இங்கே வந்தவர்.
முழங்காலிட்டு, டார்ச் அடித்து,
எஞ்சின் விளிம்பில் பொறித்த இலக்கங்களை
எச்சில் தொட்ட விரலால் தடவினார்.
"பொருந்துகிறது" என்றார்.
"சேர்ந்திருந்தால் எழுபதாயிரம் டாலர்.
இப்படியே என்றால்
இரண்டுக்கும் இருபத்தைந்து."

சேர்த்து வைத்தோம், பணத்துக்காகத்தான்.
வாடகைச் சங்கிலி, சனிக்கிழமை, தூறல்.
நான்கு மணி நேரத்தில் நாங்கள் பேசியது:
கொஞ்சம் இடது. இறக்கு. நிறுத்து.
கை, கை, கையை எடு!
ஆறு வருடத்தில் இதுதான் நீளமான உரையாடல்.
துளையும் துளையும் நேர்கோட்டில் வந்து
போல்ட் தானாக உள்ளே இறங்கியபோது
இருவருக்கும் ஒரே நேரத்தில் மூச்சு வந்தது.
ஆளுக்கொரு மூலைக்குப் போய்க் கை துடைத்தோம்,
அழுக்கில்லாத விரல்களையும் சேர்த்து.

டைமிங் விளக்கை நான் பிடித்தேன்.
அவன் ஆக்சிலரேட்டரை மிதித்தான்.
சுழலும் சக்கரத்தில் நான் இழுத்திருந்த சுண்ணக்கோடு
ஒவ்வொரு மின்னலுக்கும்
அதே இடத்தில் இருந்தது.
இர்மா வேலியோரம் துடைப்பத்துடன் வந்தாள்.
அடிக்கவில்லை.
"இதுக்குத்தானா?" என்று மட்டும் கேட்டாள்.

விற்க வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை.
எனக்குக் கூரை ஒழுகுகிறது.
அவனுக்குப் பல்.
வியாழக்கிழமை டிரெய்லர் வந்து
காரைக் கட்டி ஏற்றிப் போனது.
ஒரே காசோலை,
பெயர்கள் இரண்டு, நடுவில் 'மற்றும்'.

அது நின்ற இடத்தில் ஒரு துளி எண்ணெய்.
வெண்டல் அதை பூட்ஸால் தேய்த்தான்,
தேய்த்துக்கொண்டே இருந்தான்.

"எத்தனை டிகிரி வச்ச?"

"பன்னிரண்டு."

"நான் பத்து வச்சிருப்பேன்."

"தெரியும்" என்றேன்.